சாப் 99 டேர்போ

ஆகாய விமானங் கட்டுவதற்கென 1937-இல் சுவீடனில் தோன்றிய சாப் நிறுவனம், நினைத்தபோதெல்லாம் புதிய மோட்டார் இயந்திரஞ் சமைக்கும் செல்வம் படைத்ததன்று. கையிலிருந்த 1,985 கன சென்ரிமீற்றர் கொண்ட நான்கு சிலிண்டர் இயந்திரத்தைக் கொண்டே வலுவைப் பெருக்கும் வழி யாது?

புகைக்குழாய் வழியே வீணே கழியும் சூடான வாயு அதற்கு உதவிற்று. அவ்வாயு ஒரு சுழலியைச் சுழற்றும். அதே அச்சிற் பூட்டிய விசிறி, வெளிக்காற்றை நெருக்கிச் சிலிண்டர்களுட் புகுத்தும். காற்று மிகுந்தால் எரிக்கத்தக்க பெற்றோலும் மிகும். இவ்வுபாயம் புதியதன்று, 1962-இலேயே அமெரிக்க வண்டிகளில் வந்தது. சாப் பொறியியலாளரின் திறமை சிறிய சுழலியைத் தெரிந்ததிலேயே உண்டு. அமுக்கம் அளவு மீறின் மிகைவாயுவைப் புறம்போக்க ஒரு வால்வும் வைத்தனர். ஆதலின், முன்செல்லும் லொறியைக் கடக்க வேண்டிய நடுத்தர வேகத்திலேயே வலு கைகொடுத்தது.

1977-இல் பிராங்பேர்ட்டிற் காட்டப்பெற்ற இவ்வண்டியின் வலு 145 பரிவலு. வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். பின்கதவை மேலே தூக்கி, ஆசனத்தை மடித்தால் வீட்டுச் சாமான்களும் ஏறும்! குறையும் இல்லாமலில்லை. மிதித்தவுடன் எழாது, சற்றுப் பிந்திப் பொங்கும் வலு, வளைவிற் பழகாதவரைத் திடுக்கிடச் செய்யும். பழகிய ஸ்டிக் புளொம்குவிஸ்ட் 1979-இல் சுவீடிஷ் றாலிப் பந்தயத்தை இவ்வண்டியிலேயே வென்றார்.