கணவாய்க் காற்றும் கூரை விசிறியும்

கோவை வட்டாரத்து வீடுகளில், கூரைக்கும் அதன் கீழுள்ள உள்கூரைக்கும் இடையே சூடான காற்று தேங்கும் இடைவெளி, பழைய ஓட்டு வீடாயின் மச்சுக்கு மேலும், ஷீட் வீடாயின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் அமைகிறது. ஓடுகளின் இடுக்கு வழியே சூடு தானே கசிந்து வெளியேறுவதால் முன்னதற்குத் தனிக் கருவி பெரிதும் தேவைப்படுவதில்லை. இடுக்கில்லாத உலோக ஷீட்டுக்கே அத்தேவை எழுகிறது. அங்கேதான் தொழிற்கூடங்களின் கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டரா, சூரிய மின்விசிறியா என்ற கேள்வியும் வருகிறது.

டர்போ வென்டிலேட்டர் என்பது வெளிக்காற்று மோதும்போது சுழன்று, உள்ளிருக்கும் சூட்டை இழுத்து வெளியேற்றும் இதழ்கள் கொண்ட உருளை. அதற்கு மின்சாரம் வேண்டாம், காற்று வேண்டும். உடுமலை, பல்லடம் பகுதிக் காற்றாலைகளை ஓட்டும் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வேகமெடுப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. வெயிலின் உச்சமோ மார்ச் முதல் மே வரை. ஆகவே ஆடியில் உருளை ஓயாமல் சுழலும்போது வீடு ஏற்கெனவே ஆறியிருக்கிறது. காற்று ஓய்ந்த சித்திரை நண்பகலில் அது அசைவதே அரிது. காற்றில்லாத வேளையிலும் சூடான காற்று இலேசாகி மேலெழுந்து வெளியேறும் என்பது உண்மையே. புகைபோக்கி விளைவு எனப்படும் இது, காற்று நுழையும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், தாழ்ந்த கூரையில் வலுக்குன்றிவிடுகிறது.

சூரிய விசிறி வெயில் ஏற ஏற வேகமெடுப்பது. உலோக ஷீட் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறுவதாலும், மின்கலம் இல்லாத விசிறியும் அப்போதே நின்றுவிடுவதாலும், இவ்விரண்டும் நன்கு பொருந்துகின்றன. கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கக்குவதால், அதனடியில் ஃபால்ஸ் சீலிங் அமைத்த வீட்டில் தேவை மிகும் நேரத்தில் விசிறி ஓய்ந்திருக்கும். மொட்டை மாடியில் நாற்புறமும் திறந்த ட்ரஸ் கொட்டகை போட்டிருப்பவருக்கு இரண்டுமே வீண்செலவு. மின்கட்டணச் சேமிப்பைப் பெரிதாக எண்ணவும் இடமில்லை: 30 வாட் விசிறி நாளுக்கு 8 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும்.

விற்பவர் அரிதாகவே சொல்லும் செய்தி, காற்று உள்ளே வரும் வழியைப் பற்றியது. கூரையின் தாழ்ந்த விளிம்பில், வெளியேறும் வாயிலின் பரப்புக்குக் குறையாத திறப்பு இல்லையெனில், விசிறி சீலிங்கின் இடுக்குகள் வழியே அறைக்காற்றையே உறிஞ்சும். ஏசி ஓடும் அறையாயின் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றே வெளியே போகும். மேலும், ஷீட்டின் அடிப்புறம் கதிர்வீச்சாகக் கீழே அனுப்பும் வெப்பத்தை எந்த விசிறியும் தடுப்பதில்லை. அதற்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சோ, அடியில் வெப்பத்தடுப்புத் தாளோ வேண்டும், செலவின் வரிசையில் அவையே முதலில் வர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளையிடும்போது பறக்கும் இழைகள் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்பதோடு, பலகை போடாமல் மிதித்தால் ஷீட் உடைந்து ஆள் கீழே விழும் ஆபத்தும் உண்டு. இடம் தவறிய துளை ஐப்பசி மழையில் ஒழுகும்.

மானியம் கிடைக்கும் என்ற பேச்சையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் வீடுகளுக்கு அதிகபட்சம் ரூ.78,000 தருவது மின்வாரிய இணைப்போடு சேர்ந்த கூரைச் சூரியத் தகடுகளுக்கே; தனித்து ஓடும் விசிறிக்கு அது பொருந்தாது. இத்தனை டிகிரி குறையும் என்ற உறுதிமொழியையும், உத்தரவாதம் மோட்டாருக்கா, தகட்டுக்கா, நீர்க்கசிவுக்கா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குவது நுகர்வோரின் கையில் உள்ள வலுவான சான்று. ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிடில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.