கசாயமும் கிளினிக் கொப்பியும்



நம்ம தோட்டத்தில் முப்பது வருசம் கவ்வாத்து வெட்டிய பெரியவர் ஒருவர், வேலையை விட்டு நின்றதும் யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு போய் இருந்தார். அங்கே இருமல் நிற்கவில்லை, சளியில் ரத்தமும் வந்தது. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் பார்த்து நுரையீரல் புற்றுநோய் என்று சொன்னார்கள். (அந்த வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தார்கள். 2013இல் திறந்தார்கள்.)

இரண்டு தரம் ஊசி மருந்து ஏற்றியதும் வாந்தி, சோறு இறங்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ பட்டிப்பூ இலைக் கசாயம் குடிக்கச் சொல்ல, பெரியவர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகள் எனக்குப் போன் எடுத்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான். "சேர், அந்தப் பூவிலயிருந்துதானே ஊசியே செய்யிறாங்களாம். அப்ப இலையக் குடிச்சா என்ன?"

அந்தப் பிள்ளை கேட்டதில் பாதி சரி. பட்டிப்பூ என்பது நித்தியகல்யாணிதான், நம்ம லயத்து வாசலிலும் பூக்கிறது. 1950களில் கனடாவில் நோபல், பியர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஜமேக்காவிலிருந்து வந்த இந்த இலை சீனி வருத்தத்துக்கு நல்லதா என்று எலிகளில் சோதித்தார்கள். சீனி குறையவில்லை. ஆனால் இலைச்சாற்றை ஊசியாக ஏற்றிய எலிகள் வெள்ளை அணு குறைந்து, கிருமி தொற்றிச் செத்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் புற்றுநோய் மருந்து கண்டார்கள். அதே செடியிலிருந்து வந்த வினோரெல்பின் என்ற மருந்து நுரையீரல் புற்றுநோய்க்கே கொடுக்கப்படுகிறது.

எலி ஏன் செத்தது என்று யோசிச்சுப் பாருங்க. இது நஞ்சு. அதனால்தான் வாட்டில் ஒவ்வொரு தரமும் ரத்தம் சோதித்து, ஆளின் உயரம் நிறை பார்த்து அளந்து ஏற்றுகிறார்கள். சட்டியில் கொதிக்கிற இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தயவுசெய்து அதைக் குடிக்காதீங்க.

மாத்திரைக் கடைச் சத்து மாத்திரையும் அப்படித்தான். பின்லாந்தில் 29,000க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடத்தான் வந்தது. கரட் கறி தாராளமாகச் சாப்பிடுங்க, அதில் பயமில்லை.

வைத்தியசாலை மருந்தை விட்டுவிட்டு மற்ற வைத்தியத்தை மட்டும் நம்பினவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நோய் தூர இடங்களுக்குப் பரவாத நிலையில் இருந்தவர்களைத்தான் பார்த்தார்கள். அப்படியிருந்தும் நுரையீரல் புற்றுநோய்க்காரருக்குச் சாவு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல்.

கூடச் சேர்த்துச் செய்யக்கூடியவை இல்லாமலில்லை. வாந்திக்குக் கொஞ்சம் இஞ்சி உதவும். மூச்சுப் பயிற்சி, மெதுவான நடை, கை கால் பிடித்துவிடுவது, பஜனை, ஜெபம், எதுவும் மருந்தோடு சண்டை பிடிக்காது. கைதடியில் அரசாங்கச் சித்த வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போனால் புற்றுநோய் மருந்து நடக்கிறது என்று அவர்களிடமும், சித்த மருந்து குடிக்கிறேன் என்று கிளினிக் டொக்டரிடமும் சொல்லுங்க. ஏசுவார்கள் என்று மறைக்கிறதுதான் ஆபத்து. பெயர் தெரியாத மருந்தென்றால் போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்க. சுருட்டை மட்டும் வருத்தம் வந்த பிறகாவது விட்டுவிடுங்க, அப்போது விட்டாலும் பலன் உண்டு.

நோவு, மூச்சுத்திணறல், மனக்கவலை இவற்றைக் குறைக்கவே தனி வைத்தியம் உண்டு. பொஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரைப் பார்த்து 2010இல் எழுதினார்கள். மருந்தோடு இதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்கள் நிம்மதியாகவும், மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடவும் இருந்தார்கள். ஆகவே வாந்தி என்றால், நோவு என்றால், வாய் திறந்து கேளுங்க.

பெரியவர் திரும்பக் கிளினிக்குக்குப் போனார். கசாயத்தை மகளே சொல்லிவிட்டாள், யாரும் ஏசவில்லையாம். கட்டி முன்னையைவிடக் கொஞ்சம் பெரிதாகி இருந்தது. வாந்தி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போன கிழமை கஞ்சியும் கருவாடும் கேட்டாராம்.