தெற்கே முடியும் சாலை (9): தெருவே இல்லாத ஊர்

சிலியின் கோக்ரேன் ஊருக்குத் தெற்கே சரளைக்கல் சாலைதான். வெயிலடித்தால் புழுதி, இல்லாவிட்டால் சேறு. பெரும்பாலும் சேறு. 100 கிலோமீட்டருக்கு மேல் போனதும் மேற்கே ஒரு கிளைச் சாலை பிரிகிறது. அங்கிருந்து பேக்கர் ஆறு கூடவே வரும். சிலியில் எந்த ஆற்றையும்விட அதிகத் தண்ணீர் ஓடுவது இதில்தான். பனியாறுகள் மலையைத் தேய்த்து அரைத்த பாறைத்தூள் கலந்திருப்பதால், பால் ஊற்றிய பச்சை நிறம்.

பார்க்கச் சாதுவான ஆறு. ஆனால் 2008 ஏப்ரலில், மேலே கொலோனியா பனியாறு அணைபோல மறித்து வைத்திருந்த கச்செட்-2 ஏரி, பனிக்கு அடியிலேயே வழி குடைந்து காலியாகிவிட்டது. மொத்தத் தண்ணீரும் பேக்கரில் இறங்கியது. ஏரி மறுபடி நிரம்பியது, மறுபடி உடைத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் பலமுறை இதே கதை.

கிளைச் சாலை முடிகிற இடம் கலேட்டா டோர்டெல். வண்டியை மேட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்க வேண்டும். ஊருக்குள் தெரு கிடையாது. மலைச்சரிவிலும் கடலோரத்திலும் கால் நட்டுப் பலகை அடித்த நடைபாதைகள், மொத்தம் சுமார் 7 கிலோமீட்டர். எல்லாம் இந்த ஊர்க் காட்டின் சைப்ரஸ் மரம். ஓயாத மழையிலும் லேசில் உளுக்காது. அந்த மரத்தை வெட்டி விற்றுத்தான் ஊரே பிழைத்தது. ஊர் உருவானது 1955-இல். சாலை வந்தது 2003-இல். இடைப்பட்ட காலம் முழுக்க படகுதான் எல்லாவற்றுக்கும்.

படகு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பேக்கரின் முகத்துவாரத்தில் ஒரு தீவு. பெயரே இறந்தவர்களின் தீவு. ஒரு நில நிறுவனம் சீலோவே தீவிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அழைத்துப்போக வேண்டிய கப்பல் உரிய காலத்தில் வரவில்லை. 1906-இல் ஏராளமானோர் இறந்தார்கள். கூலி கொடுக்காமல் இருக்க நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இன்றுமுண்டு. காயும் பழமும் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய்தான் காரணம் என்போர் ஆய்வாளர்களில் பலர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அதனால் நிறுவனத்தின் பொறுப்பு குறைந்துவிடாது. பாசி படர்ந்த சைப்ரஸ் சிலுவைகள் சில இன்னும் நிற்கின்றன.

கோக்ரேன் வழியாகத் தெற்கே போகும் இந்த நெடுஞ்சாலையைத் தொடங்கியது 1976-இல், சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி. அதுவரை சொந்த நாட்டின் தெற்குக்குத் தரைவழியே போக அர்ஜென்டினா வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த அர்ஜென்டினாவோடு 1978-இல் போர் மூளும் நிலை வந்தது. ராணுவத்தினர் பாறையை வெடிவைத்துப் பிளந்து வழி செய்தார்கள், பலர் உயிரும் விட்டார்கள். ஒரு காலத்தில் சாலைக்குச் சர்வாதிகாரியின் பெயரையே வைத்திருந்தார்கள். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அத்தனை வெடிமருந்தும் மிட்செல் ஃபியோர்டின் முன்னால் செல்லுபடியாகவில்லை. கிளை பிரிந்த இடத்துக்குத் திரும்பித் தெற்கே போனால், புவர்ட்டோ யுங்காயில் சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிடுகிறது. லாரி, கார், சைக்கிள் என எல்லாம் ஃபெர்ரியில் ஏற வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம், கட்டணம் இல்லை. நாளுக்குச் சில நடைகள்தான். கடைசி நடையை விட்டால் இரவு கரையில்தான். எதிர்க்கரை ரியோ பிராவோவில் இறங்கினால் இன்னும் 100 கிலோமீட்டர், 2000-இல்தான் சாலை எட்டிய வில்லா ஓஹிகின்ஸுக்கு.

(தொடரும்)