வழியும் ஞாபகமும் குடியிருக்கும் இடம்

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையில் சத்திரசிகிச்சை நடந்தது. கடுமையான வலிப்பு நோய் அவருக்கு. காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இரண்டு பக்கத்திலும் கடற்குதிரை போல வளைந்து கிடக்கும் ஒரு பகுதி உண்டு, ஹிப்போகாம்பஸ் என்பார்கள். அதன் பெரும்பங்கை டொக்டர் வில்லியம் ஸ்கோவில் அகற்றிவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும் வரை மொலைசனின் மனதில் புதிய சம்பவம் எதுவும் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால், அவர் புது ஆள்தான். சின்ன வயசுக் கதைகள் இருந்தன, புத்தியும் மழுங்கவில்லை.

ஞாபகம் பதியும் இடம் இதுதான் என்று அப்போது விளங்கியது. வழியின் கதை வேறொரு பக்கத்தால் வந்தது.

எலிகள் வழியை இடம், வலம் என்று திருப்பங்களாக மட்டும் மனனம் செய்வதில்லை, தலைக்குள்ளே ஒரு வரைபடமே வைத்திருக்கின்றன என்று 1948இல் எட்வர்ட் டோல்மன் எழுதியிருந்தார். அந்தப் படம் மூளையில் எங்கே என்று அவரால் காட்ட முடியவில்லை. 1971இல் லண்டனில் ஜோன் ஓகீஃபும் அவரது மாணவர் டொஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகாம்பஸுக்குள் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அதை நடமாட விட்டுப் பார்த்தார்கள். ஒரு நரம்புக்கலம் எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் துடித்தது. வேறு இடத்தில் அது மௌனம்; அங்கே இன்னொன்று துடித்தது. எலி என்ன செய்கிறது என்பதை விட, எங்கே நிற்கிறது என்பதுதான் அந்தக் கலங்களுக்கு முக்கியம். அவற்றுக்கு இடக்கலங்கள் என்று பெயர் வந்தது. எலியை வேறு அறைக்கு மாற்றினால் படமும் மாறிவிடும்.

2005இல் நோர்வேயின் டிரொன்ட்ஹைம் நகரிலிருந்து வந்த செய்தி இதைவிட விசித்திரம். மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அவர்களது குழுவினரும் ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்து வீடு போல இருக்கும் என்டோரைனல் புறணியில் தேடினார்கள். அங்கே ஒரே கலம் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால், தேன்கூட்டைப் போல ஒழுங்கான அறுகோண அமைப்பு! தரையில் அப்படி ஒரு கோடும் கிடையாது. விளக்கை அணைத்தாலும் அந்த ஒழுங்கு நிலைத்தது. வெறுந்தரையில் மூளை தானாகவே ஓர் அளவுச்சட்டத்தை விரித்து வைக்கிறது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். 2014இல் இம்மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வழியும் ஞாபகமும் ஒரே இடத்தில். ஏன்? உங்கட வாப்பாவோடு கடைசியாகப் பேசியதை நினைத்துப் பாருங்க. வீட்டு விறாந்தையோ, ஆஸ்பத்திரிக் கட்டிலோ கூடவே வருகுதா இல்லையா? இடத்தை உருவிவிட்டுச் சம்பவத்தை மட்டும் நினைப்பது லேசில்லை. ஆய்வாளர்களிடையே இதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் சம்பவங்களைக் கொழுவி வைக்கும் ஆணிகளாகவே இடங்கள் இருக்கின்றன என்ற கருத்துத்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எலி பகலில் ஓடும்போது சேர்ந்து துடித்த கலங்கள் தூக்கத்திலும் சேர்ந்து துடிப்பதை 1994இல் கண்டிருக்கிறார்கள். நடந்த வழியை மூளை மறுபடி ஓதிப் பார்க்கிறது போலும்.

இந்தப் பகுதி பழக்கத்தால் மாறக்கூடியது. லண்டனில் டாக்ஸி அனுமதிப்பத்திரம் எடுக்க ஏறக்குறைய 25,000 தெருக்களைப் பாடமாக்க வேண்டும். மூன்று, நான்கு வருடம் போகும். அந்த ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை 2000இல் எலினோர் மக்வயரின் குழு காட்டியது. நாளெல்லாம் வாகனம் ஓட்டுவதால் வந்ததாக இருக்குமோ? பஸ் ஓட்டுநர்களோடும் ஒப்பிட்டார்கள். அதே நெரிசல், அதே நகரம். ஆனால் தினமும் ஒரே பாதை. அவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் விசயம் இருக்கிறது. டாக்ஸிக்காரர்களுக்கு இது இலவசமாகவும் கிடைக்கவில்லை: ஹிப்போகாம்பஸின் முன்பகுதி அவர்களிடம் சிறுத்திருந்தது.

இதெல்லாம் எங்கட வீடுகளுக்கும் வந்து சேரும் சங்கதி. அல்சைமர் நோய் முதன்முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று, மேலே சொன்ன என்டோரைனல் புறணி. அதனால் பேரப்பிள்ளையின் பெயர் மறக்கு முன்பே, பழகிய பாதை தப்பலாம். நாற்பது வருடம் நடந்து போன பள்ளிக்குப் போனவர் வேறு ஒழுங்கையில் நின்று விழித்தால், "வயசு போச்சு, என்னவோ யோசனையில போயிருப்பார்" என்று வீட்டில் மூடிவிடுவோம். ஒரு தடவை வழி தப்பினால் அது நோய் என்றில்லை. பார்வைக் குறைவு, கிருமித் தொற்று, சீனி இறங்குவது, சில மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. ஆனால் தெரிந்த வழி மறுபடி மறுபடி தப்பினால், ஞாபகம் நல்லாத்தான் இருக்கு என்று தோன்றினாலும், டொக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மறதி நோய் தொடங்கியவரை மகன் வீடு, மகள் வீடு என்று மாதத்துக்கு ஒரு வீடாக மாற்றினால் தடுமாற்றம் கூடும். பழைய படம் அங்கே உதவாது, புதிய படம் வரையும் சக்தி குறைந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டுமென்றால் அவர் பழகிய கட்டிலையும் கதிரையையும் கூடவே கொண்டுபோய், கட்டிலிலிருந்து பார்த்தால் கழிவறைக் கதவு தெரியும்படி போட்டு, இரவில் அங்கே ஒரு விளக்கை எரிய விடலாம்.