முன்பின் தெரியாதவருக்காக முடிவெடுக்க 40 மணி நேரப் பாடம்

எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மறதிநோய் முற்றியதால் ஒரே பில்லுக்கு மூன்று முறை பணம் அனுப்புகிறார். அடுப்பை அணைக்க மறந்துபோகிறார். ஒருநாள் விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அங்கிருந்து எங்கே போவது என்று முடிவெடுக்கவோ, சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கட்டவோ ஆளில்லை.

முதியவர்கள் பெருமளவில் குடியேறி வாழும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இது அன்றாடம் எழும் சிக்கல். உறவினர் இல்லாதபோதும், இருந்தும் முன்வராதபோதும், அந்தப் பொறுப்பை முன்பின் தெரியாத ஒருவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கிறது. அவர்தான் ‘தொழில்முறைப் பாதுகாவலர்’. அமெரிக்கா முழுவதும் சுமார் 13 லட்சம் பேர் உறவினர் அல்லது பிறரின் சட்டப் பாதுகாப்பில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

எப்படி நியமிக்கிறார்கள்?

ஒருவர் செயல்திறன் இழந்துவிட்டார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. மனு வந்ததும் நீதிமன்றம் மூன்று பேர் கொண்ட பரிசோதனைக் குழுவை அமைக்கிறது. அதில் ஒருவராவது மருத்துவராக இருக்க வேண்டும். அந்த முதியவருக்காக வாதாட வழக்கறிஞரும் நியமிக்கப்படுகிறார்.

அதன் பிறகு நீதிபதி, உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். ஒப்பந்தம் செய்வது, சொத்தை நிர்வகிப்பது, எங்கே வசிப்பது என்று தீர்மானிப்பது, சிகிச்சைக்குச் சம்மதிப்பது ஆகிய உரிமைகளைப் பாதுகாவலருக்கு மாற்றலாம். வாக்களிப்பது, வாகன உரிமம் பெறுவது, பயணம் செய்வது போன்றவற்றைப் பறிக்கலாமே தவிர, யாருக்கும் மாற்ற முடியாது. முதியவரின் வாக்கைப் பாதுகாவலர் போய்ப் போட முடியாது.

யார் பாதுகாவலர் ஆகலாம்?

உறவினர் அல்லாத மூன்று பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ பாதுகாவலராக இருப்பவரைப் புளோரிடா சட்டம் தொழில்முறைப் பாதுகாவலர் என்கிறது. அவர் 40 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். தகுதித் தேர்வில் தேற வேண்டும். குற்றப் பின்னணியும் கடன் வரலாறும் சரிபார்க்கப்படும். கொடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு இந்தப் பணியில் இடமில்லை. குறைந்தது 50,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும். மாநில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்த அம்மாவுக்குப் பாதுகாவலராகும் மகனோ மகளோகூட 8 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும் என்பதே பொதுவான விதி.

வகுப்பில் என்ன கற்கிறார்கள்?

முதல் பாடம், கணக்கு. பொறுப்பேற்ற 60 நாட்களுக்குள் சொத்துப் பட்டியலும் பராமரிப்புத் திட்டமும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்காக, பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து உள்ளே போகிறார் பாதுகாவலர். பிரிக்காத கடிதக் கட்டுகளில் காப்பீட்டு நோட்டீஸ் இருக்கலாம். அலமாரி டப்பாவில் நகை இருக்கலாம். எல்லாவற்றையும் படமெடுத்து, எழுதிவைக்க வேண்டும். சுவரில் மாட்டிய கல்யாணப் படம் சந்தையில் விலை போகாது; ஆனால், பராமரிப்பு இல்லத்தின் புதிய அறைக்கு முதலில் போக வேண்டிய பொருள் அதுவாக இருக்கலாம். இதைக் கவனிக்கும் கண்தான் நல்ல பாதுகாவலருக்கு முதல் தகுதி.

முதியவரின் பணத்தைத் தன் பணத்தோடு ஒரு டாலர்கூடக் கலக்கக் கூடாது. பாதுகாவலரின் ஊதியமும் அந்த முதியவரின் சொத்திலிருந்தே தரப்படுகிறது என்பதால், அதற்கு நீதிமன்ற ஒப்புதல் கட்டாயம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது பாதுகாவலரோ அவருடைய தொழில்முறை ஊழியரோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த பாடம் இதைவிடக் கடினமானது: அவருக்காக எப்படி முடிவெடுப்பது? நல்ல நினைவோடு இருந்திருந்தால் அவர் என்ன முடிவெடுத்திருப்பார் என்று தேடிப்பார்க்க வேண்டும். இப்போது சொல்ல முடிந்தால் அவரையே கேட்க வேண்டும். முடியாவிட்டால் பழைய கடிதங்களைப் படித்துப் பார்க்க வேண்டும்; அண்டை வீட்டாரையும் நண்பர்களையும் கேட்க வேண்டும். எந்தத் தடயமும் கிடைக்காதபோதுதான், ‘அவருக்கு எது நல்லது’ என்று பாதுகாவலர் தானாக யோசிக்கலாம். வாழ்நாளெல்லாம் அதிகாலையில் எழுந்து தோட்டத்தில் நின்றவரை, வசதி அதிகம் என்பதற்காக ஜன்னல் திறக்காத அறையில் வைப்பது பாதுகாப்பாக இருக்கலாம். அவருடைய முடிவாக இருக்காது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

இந்த அதிகாரம் தவறானவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா கண்டிருக்கிறது. நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகரம் உள்ள மாவட்டத்தில் பாதுகாவலராக இருந்த ஏப்ரல் பார்க்ஸ், முதியவர்களைச் சுரண்டிய வழக்கில் 2019 ஜனவரியில் 16 முதல் 40 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு புளோரிடாவில், முதியவரின் விருப்பத்துக்கு மாறாக, ‘இதயம் நின்றால் உயிர்ப்பிக்க வேண்டாம்’ என்ற உத்தரவைப் பாதுகாவலர் ஒருவர் பெற்றிருந்ததும், அந்த முதியவர் மருத்துவமனையில் இறந்ததும் வெளியே வந்து மாநிலத்தையே உலுக்கின. 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் அப்படிப்பட்ட உத்தரவில் பாதுகாவலர் கையெழுத்திட முடியாது.

அப்படியானால் 40 மணி நேரம் போதுமா? அதே புளோரிடாவில் அழகுக்கலை உரிமம் பெற 1,200 மணி நேரப் பயிற்சி தேவை. ஒருவருடைய வீடு, பணம், சிகிச்சை அனைத்தையும் கையில் வாங்குபவருக்கு ஒரு வார வேலைநேரம் போதாது என்பதே என் கருத்து. வகுப்போடு, அனுபவமுள்ள பாதுகாவலரின் கீழ் சில மாதங்கள் களப்பயிற்சியும் கட்டாயமாக வேண்டும்.

நம்மால் ஆவது

எவ்வளவு நல்ல பயிற்சி பெற்றவரானாலும், நாம் சொல்லிவைக்காத விருப்பத்தை அவரால் ஊகிக்கத்தான் முடியும். அதனால்தான், நினைவு தெளிவாக இருக்கும்போதே தன் வருங்காலப் பாதுகாவலரை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி அறிவித்துவிடப் புளோரிடா சட்டம் வழி தருகிறது. எந்த ஊரில் இருந்தாலும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்: எங்கே இருக்க ஆசை, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யாரை நம்புகிறீர்கள்? கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த வாரமே கேளுங்கள். பதில்களை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கிவையுங்கள்.