கணிப்பொறியின் ஆயுள் எங்கே இருக்கிறது?

2016-ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் கல்லூரி அலுவலகத்தின் முன் நீண்ட வரிசை. படிப்பை முடித்த மாணவர்கள் மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருந்தனர். உள்ளே இருந்த ஐந்து கணிப்பொறிகளில் மூன்று அந்த ஒரே வாரத்தில் அடுத்தடுத்து நின்றுபோயின. பொத்தானை அழுத்தினால் காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றும், பிறகு அமைதி. வெளியூர் மாணவி ஒருத்தி மாலை வரை நின்றுவிட்டு, வெறுங்கையோடு கடைசிப் பேருந்துக்கு ஓடினாள். மறுநாள் காலை வேறொரு கல்லூரியில் அந்தச் சான்றிதழைக் காட்டி அவள் சேர வேண்டியிருந்தது.

அந்த நாளை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? 2013-இல் அந்தக் கணிப்பொறிகளின் உறுப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டவன் நானே! கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியை வேகமான செயலிக்குக் கொடுத்தேன். பெட்டியோ மலிவானது. அதனுடன் சேர்ந்தே வந்த எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேரை அலங்கரித்தவன் அச்சாணியை மறந்த கதைதான்.

நாளை உங்கள் தந்தையின் கடைக்கோ, உங்கள் பள்ளி அலுவலகத்துக்கோ கணிப்பொறி வாங்கும் பேச்சு வந்தால், "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று உங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாமல் இருக்க, அதன் பின்னுள்ள இயற்பியலைப் பார்ப்போம்.

குற்றவாளி யார்?

சுவரில் உள்ள மின்செருகி தருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணிப்பொறிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் எஸ்.எம்.பி.எஸ். அதிலிருந்து வெளிவரும் மின்சாரம் ஏற்ற இறக்கமின்றிச் சீராக இருக்க வேண்டும். வீட்டின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் நீர் ஒரே சீராக விழுகிறது அல்லவா? மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட தொட்டியாக விளங்குவது மின்தேக்கி.

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் பழுதான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த சிறு உருளை மின்தேக்கிகளில் மூன்றின் தலைகள் உப்பியிருந்தன. ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து உலர்ந்திருந்தது. (நீங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் அது தங்கியிருக்கக்கூடும். பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டிய இடம் அது.)

இவ்வகை மின்தேக்கியினுள் சுருட்டிய அலுமினியத் தகடுகளும், அவற்றிடையே மின்பகுளி திரவத்தில் நனைத்த தாளும் உள்ளன. வெப்பம் கூடக்கூட அந்தத் திரவம் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. திரவம் வற்றினால் தொட்டி சுருங்கியது போலத்தான். மின்சாரம் தள்ளாடுகிறது; கணிப்பொறி நின்றுவிடுகிறது.

பென்சிலை எடுங்கள்

பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய விதி ஒன்று உண்டு. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இந்த மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 10 டிகிரி கூடினால் பாதியாகும்.

மின்தேக்கியின் தாங்கும் வெப்பநிலை, 85 அல்லது 105 டிகிரி என்று, அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த வெப்பநிலையில் இரண்டுக்கும் ஆயுள் 2,000 மணி என்று கொள்வோம். பெட்டிக்குள் வெப்பநிலை 65 டிகிரி. அலுவலகம் நாளுக்கு 8 மணி வீதம் 300 நாள், அதாவது ஆண்டுக்கு 2,400 மணி இயங்குகிறது.

85 டிகிரி வகைக்கு இரண்டு படிகள் இறங்குகிறோம். 2,000 × 2 × 2 = 8,000 மணி. ஆயுள் மூன்று ஆண்டு நான்கு மாதம்.

105 டிகிரி வகைக்கு நான்கு படிகள். 2,000 × 16 = 32,000 மணி. பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேல்!

எங்கள் பெட்டியில் இருந்தவை 85 டிகிரி வகை. அலுவலகத்தில் சேர்ந்த தூசியையும் கணக்கில் கொண்டால், மூன்றாம் ஆண்டில் அவை உயிரை விட்டதில் வியப்பே இல்லை. கணக்கு முன்பே சொல்லியிருக்கும். நான்தான் போட்டுப் பார்க்கவில்லை.

எதில் செலவழிப்பது?

முதல் இடம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு. மேலே ஒட்டியுள்ள '450 வாட்' என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அதன் திறனைக் கேளுங்கள். 2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' என்னும் சான்று, உள்ளே வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தைப் பயனாகத் தரும் மின்வழங்கிகளுக்கு அளிக்கப்படுகிறது. கணிப்பொறிக்கு 60 வாட் வேண்டும் என்று வையுங்கள். 65 சதவீதத் திறனுள்ள மலிவு வகை 92 வாட் வாங்கி, 32 வாட்டை வெப்பமாக வீணடிக்கும். 85 சதவீத வகை வீணடிப்பது 11 வாட்டுக்கும் குறைவே. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 யூனிட் மிச்சம். அதைவிட முக்கியம், மின்தேக்கிகளைச் சுடவைக்கும் வெப்பம் மூன்றில் ஒரு பங்காகிறது.

அடுத்து, தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டு. திரவத்துக்குப் பதில் திண்மப் பொருள் நிரப்பிய மின்தேக்கிகள் கொண்ட பலகைகள் கிடைக்கின்றன. வற்றுவதற்குத் திரவம் இல்லை. ஆகவே ஆயுள் அதிகம். பலகையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பொது அளவில் இருப்பதும் அவசியம். 1995-இல் வந்த 'ஏ.டி.எக்ஸ்' அளவுமுறை இன்றும் வழக்கில் உள்ளது. பொது அளவில் இருந்தால் பழுதான ஒன்றை மட்டும் எந்தக் கடையிலும் வாங்கி மாற்றலாம்.

மூன்றாவது, நினைவகத் தகடு. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன் படிக்கும் முனை, தகட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. மேசை அதிர்ந்தாலே அதற்குக் கண்டம்தான். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே கிடையாது. ஆனால் அதில் எழுதும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. 100 டெராபைட் எழுதலாம் என்று குறிப்பிட்டிருந்தால், நாளுக்கு 20 கிகாபைட் எழுதும் அலுவலகத்துக்கு அது பதினாறு ஆண்டுக்குப் போதும். எனினும் எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம். முக்கியக் கோப்புகளுக்கு இன்னொரு படி வேறிடத்தில் இருக்கட்டும்.

எதில் சிக்கனம்?

செயலியில்தான்! கடிதம், கணக்கு, சான்றிதழ் ஆகிய வேலைகளுக்கு நடுத்தரச் செயலியே தாராளம். செயலி இயங்கும்போது எழும் வெப்பம், மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் 1.1 × 1.1 × 1.1 மடங்கு, அதாவது 33 சதவீதம் கூடும். 10 சதவீத வேகத்துக்கு இது பெரிய விலை. தனிப் படக்காட்சி அட்டையும் அலுவலகத்துக்குத் தேவையில்லை. ரேமுக்கு இரண்டு இடம் இருந்தால் இப்போது ஒன்றை நிரப்பி, மற்றதைப் பின்னாளுக்கு விட்டுவையுங்கள்.

காசு செலவில்லாத ஆயுள்விருத்தியும் உண்டு. பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, ஆண்டுக்கு இருமுறை தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா? நில இணைப்பு சரியில்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள், நில இணைப்பு இல்லாதபோது பெட்டியை ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்க விடுகின்றன. உடனே அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

எங்கள் பழைய கணிப்பொறிகள் என்னவாயின? செயலி ஒன்றுகூடப் பழுதாகவில்லை! ஐந்துக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றினோம். 2025 அக்டோபரில் 'விண்டோஸ் 10'-க்கான பொது ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன் அடுத்த பதிப்புக்கு எங்கள் செயலி ஏற்றதல்ல. உடல்நலம் கெடாத கணிப்பொறியை மென்பொருளுக்காகக் குப்பையில் போடுவதா? லினக்ஸைப் பதித்தோம். நான்கு இன்றும் நூலகத்தில் வேலை செய்கின்றன.

அந்த மாணவிக்கு மறுநாள் பிற்பகலில் சான்றிதழைக் கையால் எழுதிக் கொடுத்தோம். அவளுக்கு ஒரு நாள் போயிற்று. மின்தேக்கிகளில் மிச்சம் பிடித்தது சில ரூபாய்.

சிந்தித்துப் பாருங்கள்: 105 டிகிரியில் 5,000 மணி ஆயுளுள்ள மின்தேக்கி, 55 டிகிரியில் ஆண்டுக்கு 2,400 மணி இயங்கினால் எத்தனை ஆண்டு உழைக்கும்? நம் விதி 66 ஆண்டு என்று சொல்லும். நீங்கள் அதை நம்புவீர்களா? மின்தேக்கியின் வாயை அடைத்திருப்பது ஒரு ரப்பர் மூடி என்பதை நினைவில் வைத்து விடை காணுங்கள்.