பனிக்காலத்தில் சோலார் வெந்நீர்



"வெயில் இருந்தா வெந்நீர், இல்லாட்டி இல்லை. சோலாரில் வேறென்ன இருக்கு?" என்று நானும் நினைத்தவன்தான்.

என் அப்பா ஊட்டியில் ஒரு பங்களாவில் காவல் வேலை பார்க்கிறார். போன வருஷம் ஜனவரியில் ஒருநாள் காலை, மொட்டை மாடியில் சோலார் கலெக்டரின் செம்புக் குழாய் வெடித்துக் கிடந்தது. (கலெக்டர் என்றதும் எழுந்து நிற்காதீர்கள்! வெயிலை வாங்கும் தகட்டைத்தான் சொல்கிறேன்.) "கவனிக்காம விட்டுட்டே" என்று முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அப்பா வாய் திறக்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடுகிறது. குழாய்க்குள் இடமேது? செம்பு கிழிகிறது. மேகமில்லாத இரவில் கலெக்டர் தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே உள்ளே உறையலாம். மேலே தொட்டியில் வெந்நீர் இருக்கிறதே என்கிறீர்களா? வெந்நீர் லேசானது, கீழே இறங்கி வராது.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. மாலையில் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாவிட்டால் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். தொட்டிக்குப் போகும் இரண்டு வால்வையும் மூடி, மேலே காற்று நுழைய வழிவிட்டு, கலெக்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். காலையில் பனி விலகியதும், வெயில் ஏறுமுன் நிரப்பி, வால்வுகளைத் திறந்துவிடுங்கள். வால்வை மூடியபடி தண்ணீரோடு வெயிலில் விடவே கூடாது.

2. வெளியே ஓடும் குழாய்களுக்கு நனையாதபடி கனமாக உறை சுற்றுங்கள். தொட்டியின் காற்றுக் குழாய் வாய் அடைபடாமல் பாருங்கள்.

3. 100 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற சுமார் 4.6 யூனிட் கரண்ட் ஆகும். ஆகவே ஹீட்டர் காயிலைக் காலையிலேயே போடாமல், வெயில் சாய்ந்தபின் குறைகிற சூட்டுக்கு மட்டும் போடுங்கள்.

லீவில் வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் நோட்டில் படம் போட்டு அப்பாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்ப என் தப்பில்லையா கண்ணு?" என்றார்.

"இல்லப்பா. வடிக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான்."

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். படிப்பு எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. இப்போது தினமும் மாலையில் அப்பா வானத்தைப் பார்க்கிறார். இந்தக் குளிருக்குக் குழாய் வெடிக்கவில்லை.